வாய் திறக்காமல் வாசித்தவள்

தேவாலாவில் மழை பிடித்துக்கொண்டால், அதன்பின் வகுப்பில் பாடம் நடத்துவது ஆசிரியையின் தொண்டைக்கும் தகரக் கூரைக்கும் நடக்கிற போட்டிதான். பெரும்பாலும் கூரைதான் ஜெயிக்கும். நான் கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக்காரி. கூடலூரில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்துக்கொண்டு, காலை பஸ்ஸில் தேவாலா வந்து இறங்கி, தேயிலை எஸ்டேட் வழியாக இருபது நிமிடம் இறக்கத்தில் நடந்து பள்ளிக்குப் போவேன். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. இரண்டே ஆசிரியைகள். நான்காம், ஐந்தாம் வகுப்புகள் தலைமையாசிரியையிடம். ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகள் ஒரே அறையில் என்னிடம்.

கொரோனா முடிந்து பள்ளிகள் ஒழுங்காக நடக்கத் தொடங்கியிருந்த சமயம் அது. அந்த வருடம் மூன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது பள்ளி பூட்டிக் கிடந்தது. அதனால் யாருக்கு எவ்வளவு தெரியும் என்று பார்த்து, வகுப்பு வித்தியாசம் இல்லாமல் மூன்று குழுக்களாக உட்கார வைத்திருந்தோம். எழுத்து கற்கிறவர்கள் அரும்பு, சொற்களைப் படிக்கிறவர்கள் மொட்டு, வாக்கியங்களைத் தாங்களே படிக்கிறவர்கள் மலர்.

அரும்புக் குழுவுக்கு மணலில் விரலால் எழுதும் பயிற்சி உண்டு. தேவாலா ஈரத்தில் மணல் உலரவே உலராது. பக்கத்து ஃபேக்டரியில் கழித்துப்போட்ட தேயிலைத் தூளை வாங்கிவந்து எவர்சில்வர் தட்டில் பரப்பினேன். பிள்ளைகள் அதில் அ, ஆ எழுதுவார்கள். எழுதி முடித்த விரலை முகர்ந்து பார்ப்பார்கள். மொட்டுக் குழுவுக்குச் சொல் ரயில். ஒருவர் சொல்கிற சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் ஒரு சொல் சொல்ல வேண்டும். மலர்க் குழுவினர் கயிற்றில் க்ளிப் போட்டுத் தொங்கும் வாக்கிய அட்டைகளை எடுத்து உரக்கப் படிப்பார்கள்.

எல்லாமே வாயைத் திறந்து செய்கிற வேலைகள். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

அரும்புக் குழுவில் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி இருந்தாள். எட்டு வயது. இரட்டைப் பின்னல், கழுத்துவரை பொத்தான் போட்ட நீல ஸ்வெட்டர். பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து அவள் ஒரு சொல்கூடப் பேசியதில்லை என்று, அந்த வருடம்தான் அந்தப் பள்ளிக்கு வந்த என்னிடம் தலைமையாசிரியை சொல்லியிருந்தார். நான் பெயர் கூப்பிட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அவளுடைய தோழிதான் எழுந்து, "அவ வந்துட்டா டீச்சர்" என்பாள். அந்தத் தோழி இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவாள். இருவர் வீடும் எஸ்டேட் தொழிலாளர்களின் ஒரே லைன் வீட்டு வரிசையில்.

அட்டையைக் காட்டி, "இது என்ன எழுத்து கண்ணு?" என்று கேட்பேன். அவள் அட்டையைப் பார்க்காமல் என் செருப்பைப் பார்ப்பாள். குனிந்து கேட்பேன், செல்லமாகக் கேட்பேன், சில நாள் அதட்டியும் கேட்டிருக்கிறேன். உதடு ஒட்டிக்கொண்டுவிடும். காது மடல் சிவந்துபோகும். அவள் நெற்றியில் வேர்ப்பதைப் பார்த்திருக்கிறேன், அந்தக் குளிரில்.

நோட்டில் மட்டும் எழுத்து அழகாக இருந்தது. சொல்வதெழுதுதலில் பத்துக்கு ஒன்பது, பத்து வாங்கினாள். பக்கத்துத் தோழியும் அதே ஒன்பது, அதே பத்து. ஒரு முறை 'பள்ளத்தாக்கு' என்ற சொல்லில் இருவரும் ஒரே இடத்தில் ஒற்றெழுத்தை விட்டிருந்தார்கள். எனக்கு விஷயம் புரிந்துவிட்டதாக நினைத்தேன். அந்தப் பேசாத பெண்ணை எழுப்பி, எல்லார் முன்னாலும், "பாத்து எழுதறது தப்புன்னு தெரியாதா சாமி?" என்று கேட்டு, அவளை முன்வரிசையில் தனியாக உட்கார வைத்தேன். அடுத்த சொல்வதெழுதுதலின்போது அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். பென்சிலைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். நோட்டில் ஒரு புள்ளிகூட விழவில்லை. என் சந்தேகம் சரிதான் என்று எனக்குத் தோன்றியது.

ஜூலை மாதக் கடைசியில் பெற்றோர் கூட்டத்துக்கு அவளுடைய அம்மா வந்தார். கொழுந்து எடுக்கிற வேலை. இடுப்பில் கட்டிய சாக்கை அவிழ்க்காமல் அப்படியே வந்திருந்தார். அந்தக் குடும்பம் இரண்டு தலைமுறைக்கு முன்னால் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறியது.

"பொண்ணுக்கு இன்னும் எழுத்தே தெரியலைங்க. பேச்சும் இல்ல. ஒருக்கா டாக்டர்கிட்ட காட்டிருங்க," என்றேன்.

அவர் முகம் சட்டென்று மாறியது. "இல்லையே டீச்சர். வீட்ல வாய் ஓயாம பேசுறாளே. வாசிக்கவும் செய்றா. ஃபேக்டரில ஒட்டுற நோட்டீஸ எனக்கு வாசிச்சுச் சொல்றதே அவதான்."

எந்த அம்மா தன் பிள்ளையை விட்டுக்கொடுப்பாள் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். "மனப்பாடமா எதையாவது சொல்லுவாளா இருக்கும்ங்க. எதுக்கும் காட்டிருங்க," என்றேன்.

மறுவாரம் அந்த அம்மா லீவு போட்டுவிட்டு மகளைக் கூடலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். காது நன்றாகக் கேட்கிறது, நாக்கிலும் தொண்டையிலும் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்படியானால் கற்றலில்தான் குறைபாடு என்று நானே முடிவுகட்டினேன். சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தைகளுக்கான படிவம் ஒன்று உண்டு. 'எழுத்துகளை அடையாளம் காண இயலவில்லை' என்று அதில் என் கையாலேயே எழுதினேன். வெள்ளிக்கிழமை ஒன்றிய ஆசிரியர் கூட்டத்தில் கொடுப்பதற்காக, தலைமையாசிரியையின் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு மேசை டிராயரில் வைத்தேன். அந்தப் பெண்ணுக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

அந்த வாரம் புதன்கிழமை காலையில் தொடங்கிய மழை பத்து மணிக்குமேல் கொட்டத் தொடங்கியது. தகரக் கூரையில் ஜல்லிக்கல்லை வண்டி வண்டியாகக் கவிழ்ப்பதுபோல் சத்தம். அதற்கு முந்தைய இரண்டு நாளும் மழைக்கு மேலே கத்திக் கத்தி என் தொண்டை கட்டிப்போயிருந்தது. அன்று வாயைத் திறந்தால் காற்று மட்டும்தான் வந்தது. பிள்ளைகள் சொல் ரயில் விளையாடப் பார்த்தார்கள். ஒருவர் சொல்வது அடுத்தவருக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒருவரை ஒருவர் கிள்ளத் தொடங்கினார்கள்.

என்ன செய்வது என்று தெரியாமல் பழைய காலண்டர் அட்டைகளை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு கட்டளை எழுதினேன். அரும்புக்கு 'கை தட்டு', 'குதி' என்று சின்னச் சின்னதாக. மொட்டுக்கு இரண்டு மூன்று சொல். மலருக்கு நீளமாக, 'கரும்பலகையில் மீசை வைத்த பூனை ஒன்று வரை', 'தலையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு வாசல்வரை நடந்து வா.' மூன்று குவியலாகத் தரையில் வைத்து, சைகையிலேயே விளக்கினேன். அட்டையை எடு, மனதுக்குள் படி, சொன்னதைச் செய். சத்தம் தேவையில்லை.

பிள்ளைகளுக்குக் குஷி தாங்கவில்லை. பூனை வரைந்தவன் மீசையைப் பலகையின் இரண்டு பக்கமும் இழுத்துவிட்டான். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்புச் சத்தமும் மழையில் கேட்கவில்லை, பற்கள் மட்டும் தெரிந்தன.

சாரல் உள்ளே அடித்ததால் நான் ஜன்னலைச் சாத்தப் போனேன். திரும்பிப் பார்த்தபோது, அந்தப் பேசாத பெண் மலர்க் குவியலிலிருந்து ஓர் அட்டையை எடுத்து வைத்திருந்தாள். பாவம், குவியல் மாறி எடுத்துவிட்டாள் என்று அதை வாங்குவதற்காக நடந்தேன். அதற்குள் அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். அங்கே ஈரக் குடைகள் குப்பையாகக் கிடந்தன. அவற்றை விலக்கி விலக்கி, கறுப்புக் குடை இரண்டை மட்டும் எடுத்தாள். கொண்டுவந்து அலமாரி மூலையில் சாய்த்து நிறுத்தினாள். அட்டையைத் திரும்பவும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு மற்ற குடைகளை எண்ணி, விரல்விட்டுப் பார்த்து, கரும்பலகை ஓரத்தில் 'பதினொன்று' என்று எழுதினாள்.

எண்ணில் இல்லை. எழுத்தில்.

அட்டையை வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்துதான். 'வாசலில் கிடக்கும் குடைகளில் கறுப்புக் குடைகளை மட்டும் அலமாரி மூலையில் வை. மீதி எத்தனை என்று கரும்பலகையில் எழுத்தால் எழுது.'

ஒருவேளை வேறு பிள்ளை யாராவது சைகை காட்டியிருப்பார்களோ என்று அப்போதும் ஒரு சந்தேகம். யாரும் பார்க்காமல் புதிதாக ஓர் அட்டை எழுதி நீட்டினேன். 'உன் பென்சிலை என் கைப்பையின் சின்ன அறையில் போடு.' படித்தாள். போட்டாள், சின்ன அறையில்தான். இன்னொன்று எழுதினேன். 'அதே பையில் ஓர் ஆரஞ்சுப் பழம் இருக்கிறது. அதை எடுத்து நீயே சாப்பிடு.' அதை இரண்டு தடவை படித்தாள். அன்றுதான் முதல்முறையாக என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள், இது நிஜமா என்று கேட்பதுபோல. நான் தலையாட்டினேன். பழத்தை எடுத்துக்கொண்டுபோய்ப் பழைய இடத்தில், தோழியின் பக்கத்தில் உட்கார்ந்து உரித்தாள். நான் தடுக்கவில்லை.

மதியம் மழை சற்று விட்டது. சத்துணவு முடிந்ததும் அந்தத் தோழி என் மேசையருகே வந்து நின்றாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அழுகிற முகமாக இருந்தாள்.

"டீச்சர், அவ என்னைப் பாத்து எழுதல."

"பின்ன?"

"நான்தான் டீச்சர் அவளைப் பாத்து எழுதினேன். எப்பவும் நான்தான். நீங்க அவளைத் திட்டினப்ப சொல்லலாம்னு பாத்தேன். பயமா இருந்துச்சு."

அவளைத் தனியே உட்கார வைத்த நாளிலிருந்து இவளுடைய மதிப்பெண் இறங்கியிருந்ததும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவளைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருந்தது? "சொன்னியே, அது போதும் கண்ணு. போய் விளையாடு," என்று கரகரத்த குரலில் சொல்லி அனுப்பினேன். அவள் போன பிறகு டிராயரைத் திறந்து அந்தப் படிவத்தை எடுத்தேன். 'இயலவில்லை' என்ற சொல்லைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அது இன்னும் என் மேசையை விட்டுப் போகவில்லை என்பதை நினைத்தபோது, பஸ் கிளம்புகிற நேரத்தில் ஓடிப்போய் ஏறிவிட்டவள்போல மூச்சு வாங்கியது.

தலைமையாசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ரெண்டு வருஷமா நானும்தானே பாத்துட்டு இருந்தேன், எனக்கும் தெரியலையே," என்றார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இதைக் கிழிச்சுடுங்க. ஆனா சிறப்பாசிரியர் வரும்போது அந்தப் பொண்ணைப் பத்திக் கேப்போம். படிப்புக்காக இல்ல. பேசாததுக்கு நாம எப்படி நடந்துக்கணும்னு கேக்கலாம்," என்றார்.

பள்ளி விட்டதும் நான் பஸ்ஸுக்குப் போகாமல் லைன் வீடுகளுக்குப் போகிற பாதையில் இறங்கினேன். அந்த அம்மாவிடம் அன்றே சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. சேறு கணுக்கால்வரை. வரிசையில் நான்காவது வீடு என்று வழியில் ஒருவர் சொன்னார். பிள்ளைகள் குறுக்குப் பாதையில் எனக்கு முன்பே போய்விட்டிருந்தார்கள்.

வீட்டை நெருங்கும்போது உள்ளே ஒரு குரல் கேட்டது. கணீரென்ற குரல். "அம்மா, நான் சொல்லச் சொல்ல நீ பால் டப்பாவை எங்கயோ வச்சுட்டு இப்ப என்னைக் கேட்டா? அந்தா, அரிசி வாளிக்குப் பின்னாடி பாரு. பின்னாடின்னா பின்னாடி!" நான் வாசலுக்கு இரண்டடி தள்ளி அப்படியே நின்றுவிட்டேன். அது யாருடைய குரல் என்று எனக்குத் தெரியாது. இத்தனை நாள் கேட்டதில்லையே. ஆனாலும் தெரிந்துவிட்டது. டீச்சர் இன்று பையிலிருந்து ஆரஞ்சு கொடுத்தது, குடைகளை எண்ணியது, ஒருத்தன் வரைந்த பூனை மீசை எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே நின்றேன். ஒட்டுக் கேட்பது தப்புதான். நகர மனம் வரவில்லை.

கதவருகே என் நிழல் விழுந்ததும் குரல் அறுந்துபோயிற்று. அவள் அடுப்படிக்குள் போய் மறைந்துகொண்டாள்.

அம்மா பதறி வெளியே வந்தார். "என்ன டீச்சர்? இன்னும் எதுவும் டெஸ்ட் எடுக்கணுமா?"

"ஒண்ணுமே வேண்டாங்க. உங்க பொண்ணு நல்லா படிக்கறாளுங்க. வகுப்பிலேயே அவதான் நல்லா படிக்கறா. நீங்க அன்னைக்கே சொன்னீங்க. நான்தான் கேக்கலை. மன்னிச்சுருங்க."

அவர் வாசல் கல்லில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். ஈரக் கல். அதைக்கூடக் கவனிக்கவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரா என்று பார்த்தேன். இல்லை, நீளமாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப எம்புள்ளைக்கு ஒண்ணும் இல்லையா டீச்சர்?"

"ஒண்ணும் இல்லைங்க. பள்ளிக்கூடத்துல பேச வரலை. அவ்வளவுதான். அது மெதுவா சரியாகும்ங்க."

"ரெண்டு வாரமா தூக்கமில்ல டீச்சர். இவ வயித்துல இருக்கும்போது நான் பூச்சி மருந்து அடிக்கிற தேயிலை மலைக்கு வேலைக்குப் போனேன், அதனாலதான் புள்ளைக்கு இப்படி ஆகிப்போச்சோன்னு..." என்று இழுத்தார். பிறகு எழுந்து, "டீ குடிச்சுட்டுத்தான் போகணும்," என்றார்.

நான் சொன்ன ஒரு வாக்கியம் அந்த அம்மாவை எங்கெல்லாம் கொண்டுபோயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே டீயைக் குடித்தேன். அவருக்கு என்மேல் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் என் செருப்பை வாங்கிச் சேற்றைக் கழுவி வைத்தார். வேண்டாம் என்று சொன்னதைக் கேட்கவில்லை.

அடுத்த நாளும் அட்டை விளையாட்டுதான் வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தார்கள். இந்த முறை நீங்களே எழுதுங்கள், எனக்கும் எழுதலாம் என்றேன். என்னைத் தவளைபோல் குதிக்கச் சொல்லி மூன்று அட்டை வந்தது. குதித்தேன். மலர்க் குழுவில் முதல் நாளாக உட்கார்ந்திருந்த அவளும் ஒன்று கொண்டுவந்து என் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு ஓடிப்போனாள். திருப்பிப் பார்த்தேன்.

'டீச்சர் கொஞ்சம் உட்காருங்க.'

வேலைக்கு வந்ததிலிருந்து வகுப்பில் நான் உட்கார்ந்ததே இல்லை. பிள்ளைகளின் தலைக்குமேல் நின்றுகொண்டேதான் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன். அன்று தரையில் பாயில் அவர்கள் நடுவே உட்கார்ந்தேன். முழங்கால் வலித்தாலும் பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது.

அடுத்த வாரம் வந்த சிறப்பாசிரியை நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டார். வீட்டில் பேசி வெளியில் பேச முடியாத குழந்தைகள் உண்டு, அது பிடிவாதம் இல்லை, பயம் நாக்கைப் பிடித்துக்கொள்கிறது என்றார். பேசு பேசு என்று வற்புறுத்தாதீர்கள், பேசாமலே செய்யக்கூடிய வேலைகளை நிறையக் கொடுங்கள், பேசினால் அதைப் பெரிதுபடுத்தாதீர்கள் என்றும் சொன்னார். மாதாமாதம் செல்போனில் பதிகிற மதிப்பீட்டில் உரக்கப் படிக்க வேண்டிய இடத்தில் என்ன செய்வது என்று நான் கேட்டேன். அவர் சொன்ன யோசனைப்படி அவளுக்கு வாக்கியத்தைக் காட்டி, அதைச் செய்யச் சொல்லி, நாங்கள் இருவரும் பக்கத்தில் இருந்து பார்த்தோம். தலைமையாசிரியை அவளை மலர் என்று பதிந்தார்.

அவள் உடனே பேசிவிடவில்லை. தீபாவளிக்குப் பிறகு தோழியின் காதில் வகுப்புக்குள்ளேயே கிசுகிசுக்கத் தொடங்கினாள். நான் கவனிக்காததுபோல் இருந்துகொண்டேன். தை மாதத்தில் ஒருநாள், தோழி காய்ச்சலில் வரவில்லை. பாயில் உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. நிமிரவில்லை.

"டீச்சர், ஒண்ணுக்குப் போகணும்."

அந்தக் கணீர்க் குரல்தான், பாதி சத்தத்தில். சிறப்பாசிரியை சொன்னதை நினைத்துக்கொண்டு, தினமும் முப்பது தடவை சொல்கிற அதே குரலில், "சரி, போயிட்டு வா கண்ணு," என்றேன். அவள் ஓடினாள். வகுப்பில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பையன் மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் எழுதத் தொடங்கினான். நான் அந்த நோட்டின் அதே பக்கத்தை மூன்று முறை திருத்தினேன்.

இப்போது அவள் தேவாலாவில் பெரிய பள்ளியில் படிக்கிறாள். அங்கே கேட்ட கேள்விக்கு எழுந்து பதில் சொல்கிறாளாம், சுருக்கமாக. அவளுடைய அம்மா சென்ற மாதம் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தபோது சொன்னார். சொல்லிவிட்டு, நாடுகாணி வரும்வரை ஜன்னலில் தலைசாய்த்து நன்றாகத் தூங்கினார்.